முகம் படிக்கத் தெரிந்தவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் ஒரு பெண்ணை நாசம் செய்தவன். மற்றவன் அந்தப் பெண்ணின் சகோதரன். அவனைப் பிடித்து இழுத்து வந்தவன். இதில் யார் எவன், சொல் பார்ப்போம் என்கிறார் மேலதிகாரி. ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டும் துப்பறிவாளன் பார்க் டூ-மான் இருவரையும் உற்றுப் பார்க்கிறான். கேமராவும் அவர்களைப் பார்க்கிறது. அவன் வாய் திறப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது. படம் முடிகிறவரை விடை வருவதில்லை.

2003இல் வெளிவந்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்ற கொரியப் படத்தின் தொடக்கத்தில் வந்துபோகும் இந்தச் சின்னக் காட்சிதான் இந்தச் சொற்பொழிவுக்கு வாசல். மனத்தில் உள்ளதை முகத்தில் கொண்டுவருவது நடிகரின் தொழில். இந்தப் படமோ, முகத்தில் எதுவும் எழுதியிருக்காது, அதைப் படிக்கப்போனவன் கெட்டான் என்று சொல்கிற படம். அப்படிப்பட்ட படத்தில் நடிகர் என்ன செய்ய முடியும்? இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் நடிகர்கள் ஆளுக்கொரு விதமாக இதற்கு விடை தேடியிருக்கிறார்கள்.

முதலில் நடந்த கதை. சியோலுக்குத் தெற்கே க்யோங்கி மாகாணத்தில் இருக்கிறது ஹ்வாசோங். அன்று அது வயல்களும் சிறு தொழிற்சாலைகளும் கலந்த கிராமப்புறம். 1986 செப்டம்பர் முதல் 1991 ஏப்ரல் வரை அங்கே 10 பெண்கள் கொல்லப்பட்டார்கள். எழுபதைக் கடந்த மூதாட்டியும் உண்டு, பள்ளிச் சிறுமிகளும் உண்டு. பலர் தங்கள் உடைகளாலேயே கட்டப்பட்டோ கழுத்து நெரிக்கப்பட்டோ கிடந்தார்கள். போலீஸ் 20,000 பேருக்கு மேல் விசாரித்தது. தொடர் கொலைகாரன் சிக்கவில்லை. கொலை வழக்குக்கு அந்த நாட்டில் அன்று 15 ஆண்டு காலவரம்பு இருந்தது. கடைசிக் கொலைக்கும் 2006இல் அது காலாவதியானது.

இந்த வழக்கை வைத்து நாடகாசிரியர் கிம் க்வாங்-ரிம் எழுதிய 'என்னைப் பார்க்க வா' என்ற நாடகம் 1996இல் மேடையேறியது. அதைப் போங் திரைக்கு எடுத்துக்கொண்டார். அப்போது அவர் கையில் இருந்தது 2000ஆம் ஆண்டில் வந்து வசூலில் படுத்துவிட்ட ஒரே ஒரு முழுநீளப் படம். யோன்செய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவர். அந்தப் படிப்பு எங்கே போனது என்று இந்தப் படத்தில் தேட வேண்டியதே இல்லை. கொரியத் தலைப்பில் 'நினைவு' என்பதற்கு அவர் போட்ட சொல் 'சுவொக்'. பள்ளிக்கூட நாட்கள், முதல் காதல், பிறந்த ஊர் என்று நெஞ்சில் இனிக்கும் நினைவுகளுக்கு அங்கே வழங்குகிற சொல் அது. அதைக் 'கொலை'யோடு ஒட்டவைத்தபோதே படத்தின் கசப்பான குரல் அமைந்துவிட்டது. கொரியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். சான் செபாஸ்தியான் விழாவில் போங்குக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. கொலைகாரன் பிடிபடாத துப்பறியும் படத்துக்கு இத்தனை கூட்டம் வந்தது தயாரிப்பாளருக்கே வியப்பாக இருந்திருக்கும்.

டூ-மானாக நடித்தவர் சோங் காங்-ஹோ. இவருக்கும் போங்குக்கும் உள்ள உறவுக்கு ஒரு முன்கதை உண்டு; சோங் பலமுறை சொன்னதுதான். மேடையிலிருந்து வந்த சோங் 1990களின் நடுவில் சினிமாவில் யாருக்கும் தெரியாதவர். ஒரு படத்தின் நடிகர் தேர்வுக்குப் போய் வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பினார். சில நாளில் அவருடைய பேஜரில் ஒரு நீண்ட குரல்செய்தி வந்தது. அந்தப் படத்தின் உதவி இயக்குநர் ஒருவர், இந்த முறை ஏன் எடுக்க முடியவில்லை என்று மரியாதையாக விளக்கி, வேறொரு நல்ல சந்தர்ப்பத்தில் சேர்ந்து வேலை செய்வோம் என்று சொல்லியிருந்தார். நிராகரிக்கப்பட்ட துணைநடிகனுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? அந்த உதவி இயக்குநர்தான் போங். பிறகு 2000இல் 'ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா' வந்து சோங் பெரிய நட்சத்திரமானார். முதல் படம் ஓடாத இயக்குநர் கதையோடு வந்தபோது அவர் தயங்கவில்லை.

டூ-மானை சோங் அறிமுகப்படுத்துகிற விதத்தைப் பாருங்கள். பொன்னிறமாக விளைந்த நெல்வயல். பவர் டில்லரில் கட்டிய வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஒரு துப்பறிவாளன் வருகிறான்! வயலோரக் கான்கிரீட் வாய்க்காலின் மூடிக்குக் கீழே குனிந்து பார்க்கிறான், உள்ளே பிணம். மேலே ஒரு சிறுவன் அவன் பேசுவதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதட்டினால் அதட்டலையும் திருப்பிச் சொல்கிறான். சோங் அங்கே கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாத ஒரு முகத்தோடு நிற்கிறார். ஹீரோவுக்கு முதல் காட்சியில் கிடைக்கவேண்டிய கம்பீரத்தை ஒரு பொடியன் பறித்துக்கொண்டு போய்விடுகிறான்.

அடுத்த பிணம் கிடைத்ததும் வருகிற ஒற்றை ஷாட்டைச் சினிமாப் பள்ளிகளில் இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம். கேமரா டூ-மானோடு நடக்கிறது. வரப்பில் வேடிக்கை பார்க்கிற கூட்டம், ஓடி விளையாடும் பிள்ளைகள், தடயவியல் ஆள் இன்னும் வரவில்லை. மண்சாலையில் ஒரு காலடித்தடம் கிடைக்கிறது; டூ-மான் அதைச் சுற்றிக் கோடு போட்டுக் காவல் வைக்கிறான். அந்தப் பக்கம் மேலதிகாரி சரிவில் சறுக்கி விழுகிறார். இந்தப் பக்கம் டிராக்டர் ஒன்று அந்தத் தடத்தின் மேலேயே ஏறிப் போய்விடுகிறது. கத்துகிறான், ஓடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. மேலதிகாரி கூ ஹீ-போங்காக வந்தவர் ப்யுன் ஹீ-போங். 2023இல் காலமான இந்த மூத்த நடிகரைப் போங் தம் முதல் படத்திலிருந்தே விடாமல் பிடித்து வைத்திருந்தார். சிரிப்பு அடங்கும்போதுதான் அங்கே கிடப்பது ஒரு பெண்ணின் உடல் என்பது உறைக்கும். சோங்கின் நடிப்பு முழுக்க இந்த இடைவெளியில் நடக்கிறது. முதலில் சிரிக்க வைப்பார், பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட வைப்பார்.

டூ-மான் முகத்தை நம்புகிறவன். சந்தேக ஆட்களின் புகைப்படங்களை நோட்டில் ஒட்டிவைத்து உட்கார்ந்து பார்க்கிறான். அது பலிக்காதபோது, தடயத்தில் ரோமமே கிடைக்கவில்லையே, ஒருவேளை உடம்பில் ரோமமே இல்லாதவனோ என்று பொதுக் குளியலறைகளில் போய் உட்கார்ந்து கண்காணிக்கிறான். அதுவும் தோற்றால் குறிகாரியிடம் காசு கொடுத்துத் தாயத்து வாங்குகிறான். இன்னொரு நடிகர் என்றால் இந்த இடங்களில் கோமாளித்தனம் செய்து கைதட்டல் வாங்கியிருப்பார். சோங் ஒவ்வொன்றையும் முழு நம்பிக்கையோடு செய்கிறார். அதனால்தான் பார்க்கச் சகிக்கவில்லை, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

எதிர்முனையில் சியோலிலிருந்து தானே கேட்டு வந்த சோ டே-யூன். நடித்தவர் கிம் சாங்-க்யுங். ஊருக்குள் நுழைந்து ஒரு பெண்ணிடம் வழி கேட்கிறான்; அவள் மிரண்டு ஓடி விழுகிறாள்; எங்கிருந்தோ வந்த டூ-மான் இவனையே கொலைகாரன் என்று நினைத்துப் பறந்து உதைக்கிறான். போலீஸ்காரனுக்குச் சண்டை போடக்கூடத் தெரியவில்லையே என்று ஒருவன் கேட்க, போலீஸ்காரனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லையே என்று மற்றவன் கேட்கிறான். டே-யூனுக்கு முகத்தில் நம்பிக்கை இல்லை. காகிதம் பொய் சொல்லாது என்பதுதான் அவன் கொள்கை. கோப்புகளைப் புரட்டியே, காணாமல்போன ஒரு பெண்ணும் இறந்திருக்க வேண்டும் என்று சொல்லி, வயல்காட்டில் உடலைத் தேடி எடுக்க வைக்கிறான்.

விருதுகளும் பாராட்டுகளும் சோங்குக்கே போயின. ஆனால் படத்தின் எலும்பு கிம் சாங்-க்யுங்தான் என்று சொன்னால் தப்பில்லை. தொடக்கத்தில் அவர் நிற்கிற தோரணையில் ஒரு மடிப்பும் கலையாது. கொலைகள் ஏற ஏற அந்த மடிப்பு ஒவ்வொன்றாகக் கலைகிறது. அடிக்காதே என்று சகாவைத் தடுத்தவன் கடைசியில் மழையில் சந்தேக ஆளைத் தரையில் போட்டு மிதிக்கிறான். எந்த இடத்தில் அவன் மாறினான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத அளவுக்கு மெல்ல மெல்ல இறங்குகிற நடிப்பு அது. இப்படிப்பட்ட நடிப்புக்கு விருதுக் குழுக்கள் கண்ணைத் திறப்பது அபூர்வம்.

மூன்றாமவன் சோ யோங்-கூ. கிம் ரோய்-ஹா நடித்தது. இவன் முகத்தையும் படிப்பதில்லை, காகிதத்தையும் படிப்பதில்லை; உதைக்கிறான். உதைப்பதற்கு முன் பூட்ஸின் மேல் ஒரு துணி உறையை மாட்டிக்கொள்கிறான், அடையாளம் தெரியாமலிருக்க. அந்த உறையை மாட்டுகிற நிதானம்தான் பயங்கரம். அலுவலகம் வந்தவன் கைக்குட்டையை மடித்து வைப்பதுபோல. லாக்கப்பில் அடித்து முடித்த பிறகு, அடித்தவர்களும் அடிபட்டவனும் சேர்ந்து உட்கார்ந்து ஜாஜாங்ம்யோன் என்ற கறுப்பு நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். அப்போது தொலைக்காட்சியில் ஓடுவது 'சுசாபன்ஜாங்' என்ற பிரபலமான துப்பறியும் தொடர். அதன் இசைக்கு எல்லோரும் சேர்ந்து தலையாட்டுகிறார்கள். எண்பதுகளின் கொரியாவை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

அது சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சிக்காலம். 1986இல் பூச்சோன் நகரத்துப் போலீஸ் நிலையத்தில் ஒரு மாணவிப் போராளி பாலியல் சித்திரவதைக்கு ஆளானது நாட்டையே உலுக்கியது. 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற மாணவர் விசாரணையில் செத்தார். ஜூனில் தெருக்கள் கொந்தளித்தன. படத்தில் பூச்சோன் செய்தி உணவகத் தொலைக்காட்சியில் வரும்போது குடித்திருந்த யோங்-கூ மாணவர்களோடு சண்டைக்குப் போகிறான். அந்தக் களேபரத்தில் ஆணி அடித்த பலகை ஒன்று அவன் காலில் இறங்குகிறது. புண் புரையோடி, எத்தனையோ பேரை உதைத்த அதே காலை மருத்துவர்கள் எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு ராத்திரி கொலை நடக்கப்போகிறது என்று தெரிந்து படை கேட்டால், எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டார்கள் என்று பதில் வருகிறது. தற்காப்புப் பயிற்சி என்று ஊர் முழுக்க விளக்கணைத்துக் கதவடைக்கும் நேரத்தில் ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள். கொலைகாரனுக்கு இருட்டை அரசாங்கமே ஏற்பாடு செய்து கொடுத்தது என்பதைப் போங் ஒரு வசனத்திலும் சொல்வதில்லை.

சந்தேகத்துக்கு உள்ளாகும் மூன்று பேரில்தான் முகம் பற்றிய விளையாட்டு உச்சத்துக்குப் போகிறது. முதலாமவன் பேக் க்வாங்-ஹோ, புத்தி வளர்ச்சி குன்றியவன், முகத்தில் தீக்காயத் தழும்பு. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறான், அதனால் குற்றவாளி. டூ-மான் அவனை அடிக்கவும் செய்கிறான், 'நைக்கி' என்பதற்குப் பதில் 'நைஸ்' என்று போட்ட டூப்ளிகேட் ஷூ ஒன்றைப் பரிசாகக் கொடுக்கவும் செய்கிறான். பார்க் நோ-ஷிக் இந்தப் பாத்திரத்தைப் பரிதாபத்துக்காகப் பிழியவில்லை. ஷூவைப் பார்க்கும் அவர் சந்தோஷம் அசல். தீயில் ஒட்டிப்போன விரல்களால் இவ்வளவு நுட்பமான முடிச்சுப் போட முடியாது என்று கண்டுபிடிக்கிறவன் டே-யூன். இரண்டாமவனை வேகமாகக் கடந்துவிடலாம். அவன் செய்தது ஆபாசம், கொலை அல்ல.

மூன்றாமவன் பார்க் ஹ்யோன்-க்யூ. பார்க் ஹே-இல் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர், சினிமாவுக்குப் புதியவர். மழை பெய்யும் ராத்திரிகளில் கொலைக்கு முன்னால் வானொலியில் ஒரே பாட்டு ஒலித்திருக்கிறது, யூ ஜே-ஹாவின் 'சோகக் கடிதம்'. நேயர் விருப்பமாக அதைக் கேட்டு அஞ்சல் அட்டை எழுதியவன் இவன். தப்பிப் பிழைத்த ஒரு பெண், தாக்கியவனின் கை மென்மையாக இருந்தது என்கிறாள். இவன் கையும் மென்மை. வெளுத்த முகம், சுத்தமான சட்டை, குரலில் நடுக்கமே இல்லை. அப்பாவிகளைப் பிடித்து நீங்கள் அடிப்பது ஊர்ச் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று போலீஸ்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறான். அது குற்றவாளியின் திமிரா, நிரபராதியின் கோபமா? பார்க் ஹே-இல் இரண்டுக்கும் சம எடை கொடுத்துத் தராசு முள்ளை அசையவிடாமல் பிடித்திருக்கிறார். முகத்தில் ஒரு இழை இந்தப் பக்கம் சாய்ந்தால் படம் சரிந்துவிடும். இப்படி எதுவும் சொல்லாமல் நிற்பது வசனம் பேசி நடிப்பதைவிடக் கடினம்.

இதோடு ஒப்பிட நா ஹோங்-ஜின்னின் முதல் படமான 'தி சேசர்' (2008) நினைவுக்கு வரும். அங்கே ஹா ஜுங்-வூவின் கொலைகாரன் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து ஆமாம், கொன்றேன் என்று குழந்தை முகத்தோடு சொல்லிவிடுகிறான். கையில் கிடைத்தவனை நிறுத்தி வைக்கத்தான் அமைப்புக்குத் துப்பில்லை. அதுவும் மிரட்டும் நடிப்புதான். ஆனால் அங்கே கொலைகாரன் யார் என்று பார்வையாளருக்குத் தெரியும். பார்க் ஹே-இல் அந்தச் சௌகரியத்தைக்கூடத் தருவதில்லை. இதே நடிகர் 2022இல் பார்க் சான்-வூக்கின் 'டிசிஷன் டு லீவ்' படத்தில் துப்பறிவாளராக வந்து, தெளிவாகப் பார்க்க வேண்டுமென்று அடிக்கடி கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்திருக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். கொல்லப்பட்ட பெண்களுக்குப் படத்தில் உயிரோடு இருக்க நேரமே இல்லை. பெரும்பாலும் பிணமாகத்தான் வருகிறார்கள். பெண்காவலர் க்வோன் க்வி-ஓக்தான் வானொலிப் பாட்டைக் கவனித்துச் சொல்கிறாள், ஆண்கள் முன் வாய் திறக்காத சாட்சியைப் பேச வைக்கிறாள், சிவப்பு உடையில் மழையில் தூண்டிலாக நடக்கிறாள். கோ சியோ-ஹீ அளந்து நடித்திருக்கிறார். ஆனாலும் வழக்கின் முக்கியத் துப்பைக் கொடுத்தவளைக் கதை பாதியில் மறந்துபோகிறது. டூ-மானின் துணைவியாக வரும் ஜோன் மி-சோன், இந்த வேலையை விட்டுவிடேன் என்று அவனிடம் சொல்கிற ஆற்றங்கரைக் காட்சியில் படத்துக்கு ஒரு மூச்சு விடவைக்கிறார்.

இனி ரயில் சுரங்கப்பாதை. டே-யூன் துப்பாக்கியோடு ஹ்யோன்-க்யூவை மண்ணில் தள்ளியிருக்கிறான். அமெரிக்காவிலிருந்து வந்த டிஎன்ஏ அறிக்கையோடு டூ-மான் ஓடிவருகிறான். மழையில் நனைந்த தாளைப் பிரித்துப் படித்தால், பொருந்தவில்லை என்று இருக்கிறது. காகிதம் பொய் சொல்லாது என்றவன், இந்தக் காகிதம் பொய் என்று கத்துகிறான். முகம் பொய் சொல்லாது என்றவன், ஹ்யோன்-க்யூவின் முகவாயைப் பிடித்துத் தூக்கி, என் கண்ணைப் பார் என்கிறான். வெகுநேரம் பார்க்கிறான். பிறகு, தெரியவில்லையே என்று ஒரு கெட்ட வார்த்தையோடு ஒப்புக்கொள்கிறான்.

அதற்கடுத்து அவன் கேட்பது திரைக்கதையில் இல்லாத வரி; சோங் அந்த இடத்தில் தானாகச் சொன்னது. 'சாப்பாடாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?' கொரியர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் அன்றாடக் கேள்வி. சாப்பிட்டாயா என்று கேட்டே அன்பைத் தெரிவிக்கிற தமிழருக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. இப்படியெல்லாம் செய்துவிட்டு உனக்குச் சோறு இறங்குகிறதா என்ற வெறுப்பு அதில் இருக்கிறது. செய்யவில்லையென்றால், பாவம், நாங்கள் உன்னை என்ன பாடு படுத்திவிட்டோம் என்ற இரக்கமும் இருக்கிறது. சோங்கின் குரல் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கொரியாவில் அந்த வரி பழமொழிபோலப் புழங்குகிறது.

படம் வந்து பதினாறு ஆண்டு கழித்து, 2019 செப்டம்பரில், பாதுகாத்து வைத்திருந்த தடயங்களின் டிஎன்ஏ ஒருவனோடு பொருந்தியது. 1994இல் மனைவியின் தங்கையைக் கொன்றதற்காகப் பூசான் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவன். 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். கொலைகள் நடந்த காலத்திலேயே போலீஸ் அவனைப் பிடித்து விசாரித்திருக்கிறது. கொலைகாரனின் ரத்த வகை 'பி' என்று நம்பியிருந்தார்கள், அவனுடையது 'ஓ'. அனுப்பிவிட்டார்கள். முகமும் காட்டிக்கொடுக்கவில்லை, காகிதமும் காட்டிக்கொடுக்கவில்லை.

பத்தில் ஒரு கொலைக்கு மட்டும் 1989இல் ஆள் பிடித்திருந்தார்கள். கால் ஊனமுற்ற ஓர் ஏழை இளைஞர். தூங்க விடாமல், அடித்து வாங்கிய வாக்குமூலம். நீதிமன்றத்தில் வைத்த ரோம ஆய்வு அறிக்கையும் அவருக்கு எதிராகவே இருந்தது. இருபது ஆண்டு சிறையில் கிடந்தார். அந்த அறிக்கை நம்பத் தகுந்ததல்ல என்று மறுவிசாரணையில் வெளிப்பட்டு, 2020 டிசம்பரில் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. போங் க்வாங்-ஹோவின் லாக்கப் காட்சிகளை எடுத்தபோது சிலர் மிகை என்று நினைத்திருக்கலாம். உண்மை அதைவிட நீளமாக இருந்தது.

படத்தின் கடைசிக் காட்சி நடப்பது 2003இல். போலீஸ் வேலையை விட்டுவிட்ட டூ-மான் சாறு பிழியும் இயந்திரம் விற்கிறான். வழியில் அந்த வாய்க்காலைப் பார்த்து வண்டியை நிறுத்தி மீண்டும் குனிந்து உள்ளே பார்க்கிறான். அங்கே வந்த ஒரு சிறுமி, சில நாள் முன்பு இன்னொருவரும் இப்படித்தான் குனிந்து பார்த்தார், ரொம்ப நாளைக்கு முன் தான் இங்கே செய்த ஒன்று ஞாபகம் வந்ததாம் என்கிறாள். எப்படி இருந்தான் என்று கேட்கிறான். சாதாரணமாகத்தான் இருந்தார் என்கிறாள் அவள். சோங் மெல்லத் திரும்பிக் கேமராவுக்குள் நேராகப் பார்க்கிறார். கண்ணில் நீர் கட்டுகிறது, விழுவதில்லை. கொலைகாரன் என்றாவது தியேட்டருக்கு வந்து உட்கார்ந்தால் அவன் கண்ணும் துப்பறிவாளன் கண்ணும் சந்திக்கட்டும் என்றுதான் அப்படி எடுத்ததாகப் போங் சொல்லியிருக்கிறார்.

2020 நவம்பரில், அந்த ஏழை இளைஞரின் மறுவிசாரணைக்காக, உண்மையான கொலைகாரனைச் சுவோன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். படத்தைச் சிறையில் பார்த்ததாகச் சொன்னான். ஒரு சினிமா என்ற அளவில்தான் பார்த்தேன், தனியாக எந்த உணர்வும் வரவில்லை என்றான். சாட்சியாக மட்டுமே வந்தவன் என்பதால், அவனைப் படமெடுக்கப் பத்திரிகைக்காரர்களுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுக்கவில்லை.